மறுப்பும் இல்லை, அனுமதியும் இல்லை: சின்சினாட்டியில் தேங்கிய வரிவிலக்குக் கோப்புகள்

அமெரிக்க வருவாய்த் துறையான ஐ.ஆர்.எஸ்., அரசியல் சாயல் கொண்ட லாப நோக்கமற்ற அமைப்புகளின் வரிவிலக்கு விண்ணப்பங்களை 2010 முதல் 2013 வரை எப்படிக் கையாண்டது, அதனால் என்ன ஆனது என்பதை இந்த நிகழ்வு ஆய்வு பதிவு செய்கிறது. நபர்களின் பெயர்கள் இங்கே வேண்டியதில்லை; பதவி போதும். பெயர்களைப் பிடித்துக்கொண்டு நடந்த அரசியல் சண்டையில்தான் நிர்வாகத்தில் நடந்த தவறு மறைந்துபோனது என்பது என் எண்ணம்.

பின்னணி: 'மட்டுமே' என்பது 'முதன்மையாக' ஆன கதை

அமெரிக்க வரிச் சட்டத்தின் 501(சி) பிரிவுதான் லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு வரிவிலக்குத் தருகிறது. அதன் மூன்றாம் உட்பிரிவு அறநிலையம், பள்ளி, தேவாலயம் போன்றவற்றுக்கானது. இந்த சி-3 அமைப்புக்கு நன்கொடை கொடுப்பவருக்கு வரிக்கழிவு உண்டு. ஆனால் அந்த அமைப்பு தேர்தல் பிரசாரத்தின் பக்கமே போகக் கூடாது. நான்காம் உட்பிரிவு 'சமூக நல' அமைப்புகளுக்கு. இந்த சி-4 வகையில் கொடுப்பவருக்குக் கழிவு கிடையாது. அதற்குப் பதிலாக இரண்டு சலுகைகள்: ஓரளவு அரசியல் செய்யலாம், யார் பணம் கொடுத்தார்கள் என்பதைப் பொதுவில் சொல்ல வேண்டியதில்லை.

'ஓரளவு' என்றால் எவ்வளவு என்பதில்தான் எல்லாச் சிக்கலும். 1913-இல் இருந்து வரும் சட்ட வாசகம், சமூக நலனுக்காக 'மட்டுமே' இயங்க வேண்டும் என்கிறது. 1959-இல் வந்த விதி அதற்கு விளக்கம் சொல்லும்போது, 'முதன்மையாக' இயங்கினால் போதும் என்றது. சட்டம் ஒன்று சொல்ல, விதி வேறொன்று சொல்ல, இரண்டும் அரை நூற்றாண்டுக்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. எத்தனை சதவீதம் என்று எங்கும் எழுதவில்லை. வழக்கறிஞர்கள் 49 வரை போகலாம் என்று கட்சிக்காரர்களிடம் சொல்லிவந்தார்கள். எது அரசியல், எது மக்களுக்கு விஷயத்தை எடுத்துச் சொல்வது என்பதையும் அந்தந்த அமைப்பின் சூழ்நிலையை மொத்தமாக வைத்துப் பார்த்து அலுவலரே முடிவு செய்ய வேண்டும்.

2010 ஜனவரி 21-இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் தேர்தலில் சுயேச்சையாக எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்றது. பெயர் வெளியே தெரியாமல் செலவழிக்க நினைத்த பணத்துக்கு சி-4 வசதியான வாசலாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே டீ பார்ட்டி என்ற பெயரில் ஊருக்கு ஊர் சிறு குழுக்கள் முளைத்துக்கொண்டிருந்தன. அரசின் செலவையும் கடனையும் வரியையும் எதிர்த்த வலதுசாரிகள் அவர்கள்.

விண்ணப்பங்கள் வெள்ளமாக வந்து குவிந்ததால் சுருக்குவழி தேட வேண்டியதாயிற்று என்று துறையினர் பிற்பாடு சொன்னார்கள். எண்கள் அதைப் பாதிதான் ஆதரிக்கின்றன. 2009 நிதியாண்டில் வந்த சி-4 விண்ணப்பங்கள் 1,751. 2010-இல் 1,735. 2011-இல் 2,265 ஆகி, 2012-இல் 3,357-ஐத் தொட்டது. வெள்ளம் வந்தது உண்மை. ஆனால் பெயரை வைத்துப் பிரிக்கத் தொடங்கியபோது அது வரவில்லை. எண்ணிக்கை சற்றுக் குறைந்துகூட இருந்தது.

2010: முதல் கோப்பு

நாடு முழுவதிலிருந்தும் வரும் வரிவிலக்கு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பிரிவு ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் இருந்தது. முதல் சல்லடையில் இருக்கும் அலுவலர் ஒவ்வொரு கோப்பையும் பார்த்து, சிக்கல் இல்லாததை உடனே தள்ளிவிடுவார். கேள்வி இருப்பதை அடுத்த மேசைக்கு அனுப்புவார். 2010 பிப்ரவரியில் அப்படிப்பட்ட ஒருவர் கையில் டீ பார்ட்டிக் குழு ஒன்றின் விண்ணப்பம் வந்தது. பத்திரிகைகளில் பேசப்படும் இயக்கம் என்பதால் மேலிடம் பார்க்கட்டும் என்று குறிப்பு எழுதி அனுப்பினார்.

இந்த முடிவில் நான் குறை காண மாட்டேன். புதிய வகைக் கோப்பு வந்தால் மேலே கேட்பதுதான் ஒழுங்கு. வாஷிங்டனில் உள்ள தொழில்நுட்பப் பிரிவு மாதிரிக்குச் சில கோப்புகளை எடுத்துக்கொண்டது. இதுபோல் வேறு என்னென்ன இருக்கின்றன என்று சின்சினாட்டியில் தேடச் சொன்னார்கள். தேடுவதற்கு ஒரு கொக்கி வேண்டுமே, அதுதான் 'டீ பார்ட்டி' என்ற பெயர். பிறகு 'தேசபக்தர்கள்' என்று பொருள்படும் 'பேட்ரியட்ஸ்', வலதுசாரி இயக்கம் ஒன்றின் பெயரான '9/12' இரண்டும் சேர்ந்தன.

2010 ஆகஸ்டில் இது ஒரு எக்செல் தாளில் ஏறியது. அலுவலகத்தில் அதற்கு 'போலோ' என்று பெயர். 'கண்ணில் பட்டால் விடாதே' என்று காவல் துறையினர் சொல்லும் பேச்சின் முதலெழுத்துச் சுருக்கம் அது. வரி அலுவலகத்துக்கு இந்தப் பேச்சு எப்படி வந்தது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. சொல்லே பாதி வேலையைச் செய்துவிடும்; அந்தத் தாளைத் திறக்கும் அலுவலர் விண்ணப்பதாரரைத் தேடப்படுபவராகவே பார்க்கத் தொடங்குவார்.

2011 ஜூன் வாக்கில் அளவுகோல் இப்படி விரிந்திருந்தது: கோப்பில் அந்த மூன்று பெயர்களில் ஒன்று இருந்தால் எடு, அரசின் செலவு, கடன், வரி பற்றிப் பேசினால் எடு, 'அமெரிக்காவை வாழ்வதற்கு நல்ல இடமாக்க' மக்களுக்கு எடுத்துச் சொல்வோம் என்றால் எடு, நாடு நடத்தப்படும் விதத்தைக் குறை சொன்னால் எடு. அமைப்பு எதை நம்புகிறது என்பதுதான் இதில் எல்லாம். தேர்தலில் என்ன செய்யப் போகிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சட்டம் கேட்டதோ அதை மட்டும்தான்.

பதின்மூன்று மாதம்

பட்டியலைப் பற்றித்தான் உலகம் பேசியது. என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய கேடு 2010 அக்டோபரில் தொடங்கியது. இந்தக் கோப்புகளை எல்லாம் புதிதாக ஒரு நிபுணரிடம் மாற்றினார்கள். வாஷிங்டனிலிருந்து வழிகாட்டுதல் வரும், அதுவரை தொட வேண்டாம் என்று அவர் காத்திருந்தார். வழிகாட்டுதல் வரவில்லை. 2011 நவம்பர் வரை, பதின்மூன்று மாதம், கோப்புகள் அப்படியே கிடந்தன. புதியவை வந்து மேலே மேலே சேர்ந்தன. 2011 ஜூனிலேயே நூறைத் தாண்டிவிட்டது.

'கிடப்பில் போட்டார்கள்' என்று நாம் சொல்லும்போது யாரோ வேண்டுமென்றே போட்டதாக அர்த்தம் வரும். இங்கே அப்படி ஒருவர் கை தெரியவில்லை. சின்சினாட்டி வாஷிங்டனுக்காகக் காத்திருந்தது. வாஷிங்டனில் தொழில்நுட்பப் பிரிவு ஒரு வரைவை எழுதி, அதைத் துறையின் சட்ட அலுவலகம் பார்த்து, திருத்தம் சொல்லி, மறுபடி எழுதி… கேட்டவர், கேட்கப்பட்டவர், பார்த்தவர் எல்லோருமே தத்தம் அளவில் வேலை செய்தார்கள்.

விண்ணப்பித்தவர்களின் நிலை என்ன? நிராகரித்திருந்தால் மேல்முறையீடு செய்யலாம். பதிலே வராவிட்டால்? சி-3 கேட்டவருக்கு 270 நாளுக்குப் பிறகு நீதிமன்றம் போகச் சட்டத்தில் வழி இருந்தது. சி-4 கேட்டவருக்கு அந்த வழி அன்றைக்கு இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தை எடுத்துவிட்டால் இந்த நிகழ்வின் பாதி புரியாமல் போகும்.

இதில் ஒரு முரணும் உண்டு. சி-4 ஆக இயங்க விண்ணப்பமே கட்டாயம் இல்லை. நாங்கள் சி-4 என்று தாங்களே சொல்லிக்கொண்டு ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய அன்றைக்கு முடிந்தது. விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலும் இயங்கலாம். வழக்கறிஞர் படை வைத்திருந்த பெரிய அமைப்புகள் அப்படித்தான் நிலுவையில் இருந்தபடியே விளம்பரங்களுக்குக் கோடி கோடியாகச் செலவழித்தன. எழுத்தில் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் நன்கொடை கேட்கப் போக முடியாது என்று நினைத்த சிறு குழுக்கள்தான் மாட்டிக்கொண்டன.

திருத்தமும் திருத்தத்துக்குத் திருத்தமும்

2011 ஜூன் 29-இல் வரிவிலக்கு அமைப்புகள் பிரிவின் இயக்குநருக்கு இந்த அளவுகோல் விளக்கப்பட்டது. பெயரை வைத்துப் பிரிப்பது தவறு என்று உடனே மாற்றச் சொன்னார். அரசியல், சட்ட ஆதரவு திரட்டல், கருத்துப் பரப்புரை ஆகியவற்றில் ஈடுபடும் அமைப்புகள் என்று ஜூலையில் வாசகம் மாறியது. சரியான முடிவு. ஆனால் பழைய வலையில் ஏற்கெனவே விழுந்தவற்றை அதே கையோடு பிரித்துத் தீர்க்க உத்தரவு போகவில்லை, தேக்கம் தொடர்ந்தது.

புதிய வாசகம் ரொம்பப் பரந்துவிட்டது என்று கீழே இருந்தவர்களுக்குத் தோன்றியது. 2012 ஜனவரியில் மேலிடத்தைக் கேட்காமல் அவர்களே மாற்றினார்கள். அரசின் அளவைக் குறைக்கவோ கூட்டவோ முயல்பவை, அரசியல் சாசனத்தைக் கற்பிப்பவை, சமூகப் பொருளாதாரச் சீர்திருத்த இயக்கங்கள் என்று பட்டியல் மீண்டும் கொள்கைக்கே திரும்பியது. மே 17-இல் அதையும் நீக்கி, இனி ஒப்புதல் இல்லாமல் அளவுகோலில் கை வைக்கக் கூடாது என்று குறிப்பாணை போட்டார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய எக்செல் தாளில் ஒரு குடிமகனின் உரிமை இரண்டு ஆண்டு ஓடியிருக்கிறது என்பதை அந்தக் குறிப்பாணையே ஒப்புக்கொள்கிறது.

கேள்விக் கடிதங்கள்

2011 டிசம்பரில் ஒரு குழுவை அமைத்து வேலையைத் தொடங்கினார்கள். 2012 ஜனவரியிலிருந்து விண்ணப்பதாரர்களுக்குக் கடிதங்கள் போயின. ஒரு வருடத்துக்கு மேல் சத்தமே இல்லாத அலுவலகத்திலிருந்து திடீரென நீளமான கேள்விப் பட்டியல் வருகிறது. பதிலுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு அல்லது மூன்று வாரம்.

கேள்விகள் இப்படி: நன்கொடையாளர் பெயர்கள் என்ன? உங்கள் நிர்வாகிகளோ அவர்கள் குடும்பத்தாரோ தேர்தலில் நிற்கப் போகிறார்களா? நிர்வாகிகள் எந்தக் கட்சி? எந்தெந்தப் பிரச்சினைகள் உங்களுக்கு முக்கியம், அவற்றில் உங்கள் நிலைப்பாடு என்ன? உங்கள் கூட்டங்களில் என்ன பேசிக்கொண்டீர்கள்?

27 அமைப்புகளிடம் நன்கொடையாளர் விவரம் கேட்கப்பட்டது. இதன் கனத்தை வெளியில் இருப்பவர்கள் சட்டென்று உணர மாட்டார்கள். வரிவிலக்கு அனுமதிக்கப்பட்டதும் விண்ணப்பமும் அதோடு சேர்ந்த தாள்களும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடும். சட்டம் மறைத்து வைக்க அனுமதித்த பெயர்களை அனுமதி வாங்குவதற்காகவே எழுதிக் கொடுத்தால், பிற்பாடு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எதிர்ப்பு கிளம்பியதும் பிப்ரவரி இறுதியில் மேலும் கடிதம் அனுப்ப வேண்டாம் என்று நிறுத்தினார்கள். வாங்கிய பட்டியல்களை அழித்துவிடுவதாகவும் துறை சொன்னது.

மார்ச்சில் ஆணையர் நாடாளுமன்றக் குழு முன்னால் போய், யாரையும் குறிவைக்கவே இல்லை என்று உறுதி கூறினார். அந்த வாக்குமூலம் பின்னால் துறையின் கழுத்தைச் சுற்றியது.

தணிக்கை கண்டது

வரி நிர்வாகத்தைத் தணிக்கை செய்ய அமெரிக்கக் கருவூலத்தில் தனி அலுவலகம் உண்டு, சுருக்கமாக டிக்டா. 2013 மே 14-இல் வந்த அதன் அறிக்கை, அரசியல் என்று ஒதுக்கப்பட்ட 298 விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தது. 2012 டிசம்பர் நிலவரப்படி, அவற்றில் முழுக் கோப்பு கிடைத்த 296-இல் 108-க்கு அனுமதி கிடைத்திருந்தது. 28 பேர் சலித்தோ வேறு காரணத்தாலோ திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 160 இன்னும் திறந்தே இருந்தன, 206 நாளிலிருந்து 1,138 நாள் வரை. நிராகரிக்கப்பட்டது ஒன்றுகூட இல்லை.

1,138 நாள் என்பது மூன்று வருடத்துக்கு மேல். நடுவில் இரண்டு தேர்தல் வந்து போய்விட்டன.

298-இல் 96 அமைப்புகளின் பெயரில் அந்த மூன்று சொற்களில் ஒன்று இருந்தது. மற்ற 202-இல் இல்லை. அந்த 296-இல் 91-க்கு, அதாவது 31 சதவீதத்துக்கு, குறிப்பிடத்தக்க தேர்தல் தலையீட்டின் அடையாளமே இல்லை. மறுபக்கம், கூடுதல் விவரம் தேவைப்பட்டும் அப்படி ஒதுக்கப்படாமல் போன 2,459 விண்ணப்பங்களிலிருந்து 244-ஐ மாதிரியாக எடுத்துப் பார்த்தால், 14-இல் அந்த அடையாளம் இருந்தது. கூடுதல் விவரம் கேட்கப்பட்ட 170 அமைப்புகளில் 98 பேரிடம் தேவையில்லாத கேள்விகள் போயிருந்தன.

இந்த எண்களை இரண்டு கட்சியும் தங்களுக்கு வேண்டியபடி வெட்டிக்கொண்டன. குடியரசுக் கட்சிக்கு 96 போதும். ஜனநாயகக் கட்சிக்கு 202 போதும். மூன்றில் இரண்டு பங்குக் கோப்புகளில் உண்மையாகவே பார்க்க வேண்டிய விஷயம் இருந்தது என்பதை முதல் தரப்பு சொல்லவில்லை. பெயர் அடிபட்ட 96 பேரும் ஒரே பக்கத்தார் என்பதை இரண்டாம் தரப்பு இழுத்துப் பேசவில்லை.

வெளிவந்த விதம்

அறிக்கை வரப்போகிறது என்று தெரிந்ததும் துறை எடுத்த முடிவுதான் இந்த நிகழ்விலேயே விசித்திரமானது. நான்கு நாள் முன்பு, மே 10-இல், வாஷிங்டனில் நடந்த வழக்கறிஞர் சங்கக் கூட்டத்தில் பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு கேள்வி எழுந்தது. பதிலாகப் பிரிவு இயக்குநர் மன்னிப்புக் கேட்டார். சின்சினாட்டியில் இருக்கும் கீழ்நிலை ஊழியர்கள் செய்த தவறு என்றார். அந்தக் கேள்வியை முன்கூட்டியே ஒருவரிடம் சொல்லிக் கேட்க வைத்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. அன்றே தொலைபேசிவழிச் செய்தியாளர் சந்திப்பு. ஒதுக்கிய 300 கோப்புகளில் கால் பங்கு என்றால் 75 தானே என்று ஒருவர் கேட்க, தனக்குக் கணக்கு அவ்வளவாக வராது என்று சொல்லிவிட்டார். வரித் துறை அதிகாரி வாயிலிருந்து வந்த அந்த வாக்கியம் அறிக்கையைவிட வேகமாகப் பரவியது.

முழு விவரத்தோடு நாடாளுமன்றத்துக்கு எழுத்தில் கொடுத்திருந்தால் கோபம் வந்திருக்கும். ஆனால் மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் இந்த அளவுக்கு வேர்விட்டிருக்காது.

மே 14-இல் நீதித் துறை குற்ற விசாரணை தொடங்கியது. மறுநாள் தற்காலிக ஆணையர் விலகினார். மன்னிக்க முடியாத செயல் என்று அதிபர் ஒபாமா கண்டித்தார். மே 22-இல் இயக்குநர் நாடாளுமன்றக் குழு முன்னால், தான் தவறேதும் செய்யவில்லை என்று சொல்லிவிட்டு, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்ற அரசியல் சாசனத்தின் ஐந்தாம் திருத்தத்தின் கீழ் பதில் சொல்ல மறுத்தார். செப்டம்பரில் ஓய்வு பெற்றார். 2014 மே 7-இல் பிரதிநிதிகள் சபை 231-க்கு 187 என்ற வாக்கில் அவர் சபையை அவமதித்ததாகத் தீர்மானம் போட்டது.

அடுத்த மாதமே இன்னொரு இடி. 2011-இல் அவர் கணினியின் ஹார்டு டிஸ்க் பழுதாகிப் பல மின்னஞ்சல்கள் போய்விட்டன என்று துறை தெரிவித்தது. காப்பு நாடாக்களில் இருக்குமே என்று தேடினால், 422 நாடாக்கள் 2014 மார்ச்சில், தேடல் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, மேற்கு வர்ஜீனியா மையத்தில் அழிக்கப்பட்டிருந்தன. வேண்டுமென்றே அழித்ததற்கு ஆதாரம் இல்லை என்றது டிக்டா. நம்ப விரும்பியவர்கள் நம்பினார்கள்.

விசாரணைகளின் முடிவு

2015 அக்டோபரில் நீதித் துறை யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை என்று கோப்பை மூடியது. மோசமான நிர்வாகம், தவறான கணிப்பு, நிறுவன மந்தம் எல்லாம் இருந்தன. ஆனால் மோசமான நிர்வாகம் குற்றம் ஆகாது என்றது. வெள்ளை மாளிகை உத்தரவிட்டதற்கான ஆதாரம் எந்த விசாரணையிலும் கிடைக்கவில்லை.

2017 செப்டம்பரில் டிக்டா இன்னொரு அறிக்கை தந்தது. 'புரோகிரசிவ்', 'ஆக்குபை' என்ற இடதுசாரிப் பெயர்கள், மருத்துவக் கஞ்சா போன்ற அடையாளங்களைக் கொண்டும் விண்ணப்பங்கள் பிரிக்கப்பட்டிருந்தன என்றது அது. முதல் அறிக்கையின்போதே இதையும் பார்த்திருக்கலாம். வலதுசாரி அமைப்புகளைப் பற்றித்தான் கேள்வி வந்தது, அதற்கு மட்டும் பதில் தேடினார்கள். நான்கு வருடம் தாமதமாக வந்த உண்மை யாருடைய கருத்தையும் மாற்றவில்லை.

அக்டோபரில் வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. ஒரு வழக்கில் துறை எழுத்தில் மன்னிப்புக் கேட்டது. நூற்றுக்கணக்கான குழுக்கள் சேர்ந்து போட்ட கூட்டு வழக்கில் 35 லட்சம் டாலர் தர அரசு ஒப்புக்கொண்டது.

மாறியவையும் மாறாதவையும்

தேங்கியதைத் தீர்க்க 2013 ஜூனில் ஒரு வழி செய்தார்கள். 120 நாளுக்கு மேல் காத்திருக்கும் அமைப்பு, தன் நேரத்திலும் செலவிலும் 60 சதவீதமாவது சமூக நலனுக்கு, 40-க்குக் குறைவாகவே அரசியலுக்கு என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் அனுமதி. அரை நூற்றாண்டாகச் சொல்லாத எண்ணை நெருக்கடி வந்ததும் ஒரே நாளில் சொல்ல முடிந்தது. 2010 வசந்தத்தில் முதல் இருபது கோப்புகள் மேசையில் இருந்தபோது இதையே செய்திருந்தால் போலோ பட்டியலுக்கு வேலையே இருந்திருக்காது.

2015 டிசம்பரில் வந்த சட்டம் சி-4 விண்ணப்பதாரர்களுக்கும் நீதிமன்றக் கதவைத் திறந்தது. அமைப்பு தொடங்கி 60 நாளுக்குள் ஓர் அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும் என்ற எளிய முறையும் வந்தது. இந்த நிகழ்வில் உருப்படியாகக் கிடைத்த சீர்திருத்தம் என்று நான் எண்ணுவது இதைத்தான்.

வேரில் இருக்கும் சிக்கலைத் தொட ஒரே ஒரு முயற்சி நடந்தது. எது அரசியல் செயல்பாடு என்று தெளிவாக வரையறுக்கும் புதிய விதியை 2013 நவம்பரில் முன்வைத்தார்கள். வாக்காளர் பதிவு முகாம் நடத்துவதுகூட அரசியலாகிவிடும் போல இருந்தது அந்த வரைவு. ஒன்றரை லட்சத்துக்கு மேல் கருத்துகள் குவிந்தன. டீ பார்ட்டியும் எதிர்த்தது, ஏ.சி.எல்.யூ. என்ற குடிமை உரிமை அமைப்பும் எதிர்த்தது. 2014 மே மாதம் வரைவைத் திரும்பப் பெற்றார்கள்.

இதற்கிடையே துறையின் பட்ஜெட் 2010-இல் 1,210 கோடி டாலராக இருந்தது 2015-இல் 1,090 கோடியாகச் சுருங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய செலவின மசோதாவில் ஒரு வரி சேர்த்தார்கள்: சி-4 அமைப்புகளின் அரசியல் செயல்பாடு பற்றிப் புதிய விதி எழுத ஒரு டாலர்கூடச் செலவழிக்கக் கூடாது. பின்வந்த ஆண்டுகளின் மசோதாக்களிலும் அதே வரி தொடர்ந்தது. சின்சினாட்டியில் முதல் சல்லடையில் உட்காரும் அலுவலர் இன்றைக்கும் 1959-இன் அதே 'முதன்மையாக' என்ற சொல்லை வைத்துக்கொண்டுதான் கோப்பைத் திறக்கிறார்.